ஆஸ்திரேலிய ‘வேலை - விடுமுறை’ விசா: குலுக்கலில் பெயர் வந்தாச்சு... கார் இல்லாமல் அங்கே என்ன செய்வீங்க?

வருஷத்துக்கு 1,000 பேருக்கு மட்டும். வயது 18 முதல் 30 வரை. வேலை ஆர்டர் வேண்டாம், ஸ்பான்சர் வேண்டாம். 12 மாதம் ஆஸ்திரேலியாவில் தங்கி, ஊர் சுற்றிக்கொண்டே சம்பாதிக்கலாம். 2022 டிசம்பர் 29-ல் நடைமுறைக்கு வந்த இந்தியா - ஆஸ்திரேலியா வர்த்தக ஒப்பந்தத்தில் சொன்னபடி, ‘வேலை மற்றும் விடுமுறை’ விசா (துணைப்பிரிவு 462) 2024 செப்டம்பர் 16 முதல் இந்தியர்களுக்கும் திறந்துவிடப்பட்டது. அந்த அக்டோபரில் முதல் குலுக்கலுக்குப் பதிவு தொடங்கியபோது, இரண்டே வாரத்தில் சுமார் 40,000 பேர் பெயர் கொடுத்தார்கள். பதிவுக் கட்டணம் 25 ஆஸ்திரேலிய டாலர். கிட்டத்தட்ட லாட்டரி சீட்டுதான்.

இந்த விசா பற்றிய பேச்சு பெரும்பாலும் குலுக்கலோடு நின்றுவிடுகிறது. டிகிரி வேணுமா, ஐ.இ.எல்.டி.எஸ். எவ்வளவு, பேங்க்கில் எவ்வளவு காட்டணும்... அதோடு சரி. ஆனால் விமானம் இறங்கி ஓரிரு வாரத்திலேயே எதிரில் வந்து நிற்கிற கேள்வி வேறு. கார் வாங்கலாமா, வேண்டாமா? ஓட்ட விடுவார்களா? வாங்கினால் யாரிடம்?

கார் என்றதும் ஆடம்பரம் என்று நினைக்க வேண்டாம். இந்த விசாவின் அமைப்பையே கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால், இரண்டாவது வருடம் அங்கே தங்க முடியுமா என்பதில் ஆரம்பித்து, முதலாளியிடம் சம்பளத்தைக் கேட்டு வாங்க முடியுமா என்பது வரைக்கும் ஒரு பழைய காரில் போய் மாட்டிக்கொண்டிருப்பது தெரியும்.

88 நாள் வேலை எங்கே கிடைக்கும்?

முதல் விசா ஒரு வருடத்துக்கு. இரண்டாவது வருடம் வேண்டுமென்றால், அரசு குறிப்பிட்ட வேலைகளில், குறிப்பிட்ட பகுதிகளில், மூன்று மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும். நாள் கணக்கில் 88. மூன்றாவது வருடத்துக்கு இன்னும் ஆறு மாதம், அதாவது 179 நாள். சிட்னியிலோ மெல்பர்னிலோ காபிக் கடையில் வேலை செய்தால் இந்தக் கணக்கில் சேராது. பழம் பறிப்பது, பண்ணை வேலை, வட பகுதியிலோ ஒதுக்குப்புறமான இடங்களிலோ இருக்கும் ஹோட்டல் வேலை போன்றவைதான் சேரும். எந்த அஞ்சல் குறியீட்டில் எந்த வேலை செல்லும் என்று உள்துறை தளத்தில் பட்டியலே இருக்கிறது.

குயின்ஸ்லாந்தின் டுல்லி, இன்னிஸ்ஃபெயில் பக்கம் வாழைத் தோட்டங்கள். போவன் பக்கம் மாம்பழமும் தக்காளியும். பண்டபர்க் பக்கம் சர்க்கரைவள்ளிக் கிழங்கு, ஸ்ட்ராபெர்ரி. பெயரைக் கேட்டால் ஊர் என்று தோன்றும். ஆனால் வேலை ஊருக்குள் இல்லை. தோட்டம் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும். வேலை விடியற்காலையில் ஆரம்பிக்கும். நம்மூர் கிராமத்துக்குக்கூட காலையில் ஒரு டவுன் பஸ், இல்லாவிட்டால் ஷேர் ஆட்டோ, மினி பஸ் என்று ஏதாவது ஒன்று இருக்கும். அங்கே அந்த நேரத்துக்கு, அந்தப் பாதையில், பெரும்பாலும் எதுவும் கிடையாது.

கார் இல்லாதவர் என்ன செய்வார்? வேலையோடு படுக்கையும் தரும் ‘ஒர்க்கிங் ஹாஸ்டல்’ ஒன்றில் சேருவார். காலையில் ஹாஸ்டல் வேன் வந்து ஏற்றிப் போகும், மாலையில் கொண்டுவந்து விடும். இல்லையென்றால் ஆள் பிடித்துக் கொடுக்கும் கான்ட்ராக்டரின் வேன். அதுவும் இல்லையென்றால் கார் வைத்திருக்கும் சக தொழிலாளிக்கு பெட்ரோல் காசு கொடுத்துவிட்டு அவரோடு போக வேண்டும்.

பார்க்க வசதியாகத்தான் இருக்கும். சிக்கல் எங்கே என்றால், வேலை, படுக்கை, வண்டி மூன்றுமே ஒரே கையில் இருப்பதில். “சம்பளம் குறையுதே” என்று ஒரு நாள் வாயைத் திறந்தால் மூன்றும் ஒரே நேரத்தில் போகும். அதோடு 88 நாள் கணக்கும் பாதியில் நிற்கும். ஆஸ்திரேலியாவின் நியாயமான பணிக்கான ஆணையம், அதாவது ஃபேர் ஒர்க் ஆம்புட்ஸ்மன், பழம் பறிக்கும் பகுதிகளில் நீண்ட காலம் விசாரணை நடத்தி 2018-ல் அறிக்கை வெளியிட்டது. ஆய்வு செய்த முதலாளிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தொழிலாளர் சட்டத்தை மீறியிருந்தார்கள்.

அதன் பிறகு சட்டம் கொஞ்சம் இறுகியிருக்கிறது. கூடைக்கு இவ்வளவு என்று கூலி பேசினாலும், மணிக்கு இவ்வளவுக்குக் குறையக் கூடாது என்ற உத்தரவாதம் 2022 ஏப்ரல் 28 முதல் தோட்டத் தொழிலாளர்களுக்கு இருக்கிறது. 2025 ஜூலை 1 முதல் தேசியக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 24.95 டாலர், கேஷுவல் தொழிலாளிக்கு பொதுவாக அதற்கு மேல் 25 சதவீதம். வேன் கட்டணம், படுக்கைக் கட்டணம் என்று சம்பளத்தில் பிடிக்க வேண்டுமானால் தொழிலாளியின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும், அந்தப் பிடித்தம் அவருக்குப் பயன் தருவதாகவும் இருக்க வேண்டும். காகிதத்தில் எல்லாம் சரிதான். ஆனால் “சரிங்க, நான் அடுத்த பண்ணைக்குப் போறேன்” என்று சொல்ல முடிகிறவருக்குத்தான் இந்த உரிமைகள் கைக்கு வரும். அதைச் சொல்ல வைப்பது வாசலில் நிற்கும் அந்த பழைய டொயோட்டா.

இன்னொன்று. இந்த விசாவில் ஒரே முதலாளியிடம் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்ய முடியாது. அறுவடைப் பருவமும் ஊருக்கு ஊர் மாறும். எப்படிப் பார்த்தாலும் ஒரு கட்டத்தில் பெட்டியைத் தூக்க வேண்டியதுதான்.

லைசென்ஸ்: ‘எட்டு’ போட்டதெல்லாம் போதுமா?

முதலில் நல்ல செய்தி. அங்கேயும் இடதுபக்கப் போக்குவரத்துதான், ஸ்டீயரிங் வலதுபக்கம்தான். அமெரிக்கா போகிறவர்களுக்கு வரும் தலைசுற்றல் இங்கே இல்லை.

சுற்றுலா வந்தவரோ, தற்காலிக விசாவில் இருப்பவரோ, தன் நாட்டு லைசென்ஸை வைத்தே ஓட்ட ஆரம்பிக்கலாம். அது ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்போ, சர்வதேச ஓட்டுநர் அனுமதியோ கூட வேண்டும். நம் ஸ்மார்ட் கார்டில் ஆங்கிலம் இருந்தாலும், இந்த அனுமதியை ஊரிலேயே வாங்கிக்கொண்டு போவது நல்லது. வாடகைக் கார் நிறுவனமும் காப்பீட்டு நிறுவனமும் கேட்டால் நீட்ட ஒரு காகிதம் இருக்கும். படிவம் 4ஏ, பாஸ்போர்ட், விசா நகலோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 1,000 ரூபாய், ஆயுள் ஒரு வருடம். தனியாக இதை மட்டும் காட்டினால் செல்லாது. ஒரிஜினல் லைசென்ஸும் கையில் இருக்க வேண்டும். கிளம்புவதற்கு முன் லைசென்ஸ் காலாவதித் தேதியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அங்கே உட்கார்ந்துகொண்டு இங்கே புதுப்பிப்பது பெரிய தலைவலி.

இப்போது அவ்வளவு நல்லதில்லாத செய்தி. “தற்காலிக விசாதானே, வருஷம் முழுக்க இந்திய லைசென்ஸ்லயே ஓட்டலாம்” என்று பழைய ஆட்கள் சொல்வது ஒரு காலத்தில் சரியாக இருந்தது. விக்டோரியாவில் 2019 அக்டோபர் 29-க்குப் பிறகும், நியூ சவுத் வேல்ஸில் 2023 ஜூலை 1-க்குப் பிறகும் அது சரியில்லை. இந்த இரண்டு மாநிலங்களிலும் தற்காலிக விசாக்காரர்கள் ஆறு மாதத்துக்குள் உள்ளூர் லைசென்ஸுக்கு மாற வேண்டும். மற்ற மாநிலங்களில் கணக்கு வேறு. எங்கே தங்கப் போகிறீர்களோ அந்த மாநிலப் போக்குவரத்துத் துறையின் தளத்தைப் பார்ப்பதுதான் வழி.

பிரிட்டன், ஜப்பான்காரர்களுக்கு இந்த மாற்றம் கவுன்டரில் முடிகிற வேலை. இந்தியா அந்த ‘அங்கீகரிக்கப்பட்ட நாடுகள்’ பட்டியலில் இல்லை. நமக்கு எழுத்துத் தேர்வு உண்டு, ரோட்டில் ஓட்டிக் காட்டும் தேர்வும் உண்டு. நியூ சவுத் வேல்ஸில் இதில் ஒரு கொக்கி இருக்கிறது. ஓட்டிக் காட்டும் தேர்வில் தோற்றுவிட்டால், அதுவரை இந்திய லைசென்ஸை வைத்து ஓட்டிக்கொண்டிருந்த சலுகையும் சேர்ந்து போய்விடும். அதன் பிறகு ‘எல் போர்டு’ மாட்டி, பக்கத்தில் முழு லைசென்ஸ்காரர் ஒருவரை உட்கார வைத்துத்தான் ஓட்ட வேண்டும். தேர்வுக்குக் காரில் வந்தவர் பஸ்ஸில் திரும்ப வேண்டியதுதான். பழகாமல் போய் “ஒரு தடவை ட்ரை பண்ணிப் பார்ப்போம்” என்று எழுதுகிற தேர்வு இல்லை இது.

இதில் நம்மவர்களிடம் ஒரு தனிச் சிக்கல் உண்டு. டிரைவிங் ஸ்கூல் புண்ணியத்தில் பைக்கோடு சேர்த்து கார் லைசென்ஸும் எடுத்து பர்ஸில் வைத்துக்கொண்டு, அதன் பிறகு ஸ்டீயரிங்கையே தொடாத ஆட்கள் நம்மிடையே ஏராளம். சட்டப்படி அவர் அங்கே ஓட்டலாம். 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும் நெடுஞ்சாலையில் முதல் பாடம் படிப்பது சட்டக் கேள்வி இல்லை, உயிர்க் கேள்வி. குலுக்கலில் பெயர் வந்ததும் முதல் செலவாக ஊரிலேயே ஒரு மாதம் கார் ஓட்டிப் பழகுவது, விமான டிக்கெட்டைவிட அவசரம் என்பேன்.

‘தேர்டு பார்ட்டி’ இருக்கே, போதாதா?

போதாது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

இந்தியாவில் கட்டாய தேர்டு பார்ட்டி காப்பீடு இருந்தால், நீங்கள் இடித்த ஆளுக்கான இழப்பீடும் அதில் வரும்; இடித்த வண்டிக்கான இழப்பீடும் காருக்கு 7.5 லட்சம் ரூபாய் வரை வரும். ஆஸ்திரேலியாவிலும் கட்டாய தேர்டு பார்ட்டி உண்டு, சுருக்கமாக சி.டி.பி. பெயர் ஒன்றுதான், உள்ளே இருக்கும் சரக்கு வேறு. சி.டி.பி. மனிதர்களுக்கு ஏற்படும் காயத்துக்கும் உயிரிழப்புக்கும் மட்டும். நீங்கள் பின்னால் போய் முட்டியது ஒரு புது மெர்சிடிஸ் என்றால், அதன் பம்பர் முதல் டிக்கி வரை மொத்தச் செலவும் உங்கள் தலையில். கடைக் கண்ணாடியை உடைத்தாலும் அப்படித்தான். 4,000 டாலருக்கு வாங்கிய காரால் 40,000 டாலர் கடனாளி ஆவதற்கு ஒரு நொடி போதும்.

அதனால் ‘தேர்டு பார்ட்டி ப்ராப்பர்ட்டி’ என்ற இன்னொரு காப்பீட்டைத் தனியாக எடுக்க வேண்டும். கட்டாயம் இல்லை, யாரும் கேட்கவும் மாட்டார்கள். அதனால்தான் பலர் எடுப்பதில்லை. உங்கள் சொந்தக் காருக்கு இதில் பைசா வராது. அடுத்தவர் சொத்துக்கு வரும். பழைய காருக்கு இது போதும். எடுக்கும்போது வெளிநாட்டு லைசென்ஸ் என்பதைச் சொல்லி எடுங்கள். 25 வயதுக்குக் கீழே இருந்தால் விபத்து நேரத்தில் உங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை அதிகமாகும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். காரை நண்பர் ஓட்டினால் பாலிசியில் அவர் பெயர் வேண்டுமா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. பண்ணை வேலையில் மாற்றி மாற்றி ஓட்டுவது சகஜம்.

மேலே சொன்ன ஆறு மாதக் கெடு இங்கே வந்து இடிக்கும். செல்லாத லைசென்ஸில் ஓட்டி விபத்து நடந்தால், காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்க அதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

‘ரெகோ’: மாநிலத்துக்கு மாநிலம் ஒரு கதை

அங்கே கார் விளம்பரத்தில் விலைக்கு அடுத்தபடியாக வரும் வார்த்தை ‘ரெகோ’. வண்டிப் பதிவின் செல்லப் பெயர். நம்மூர் மாதிரி 15 வருடத்துக்கு ஒரே தடவை சாலை வரி கட்டிவிட்டு மறந்துவிட முடியாது. அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். மாநிலத்தையும் வண்டியையும் பொறுத்து, சி.டி.பி.யும் சேர்த்தால் வருடத்துக்கு 1,000 டாலரை ஒட்டி வந்துவிடும். அதனால் ‘ரெகோ 9 மாதம் பாக்கி’ என்ற கார், ‘ரெகோ 2 வாரம் பாக்கி’ என்ற காரைவிட நிஜமாகவே பல நூறு டாலர் மதிப்புக் கூடுதல். விக்டோரியாவிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் சி.டி.பி. ரெகோ கட்டணத்துக்குள்ளேயே வந்துவிடும். நியூ சவுத் வேல்ஸில் அதைத் தனியாக வாங்க வேண்டும். அங்கே அதற்குப் பெயர் ‘கிரீன் ஸ்லிப்’.

காரின் உடல்நிலைச் சான்றிதழிலும் இதே குழப்பம்தான். விக்டோரியாவில் ரெகோவோடு விற்க வேண்டுமானால் விற்பவர் ‘ரோட்வொர்த்தி’ சான்றிதழ் தர வேண்டும். 30 நாளுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். குயின்ஸ்லாந்தில் இன்னும் கறார்: விற்பனைக்கு என்று விளம்பரம் போடும்போதே பாதுகாப்புச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். நியூ சவுத் வேல்ஸில் ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட கார் வருடா வருடம் ‘பிங்க் ஸ்லிப்’ வாங்க வேண்டும். ஆனால் ரெகோ உள்ள காரைக் கைமாற்றும்போது தனிச் சோதனை இல்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் கைமாற்றும்போதும் சோதனை இல்லை, வருடாந்திரச் சோதனையும் இல்லை.

இதனால்தான் மேற்கு ஆஸ்திரேலிய நம்பர் பிளேட் போட்ட வேன்களும் ஸ்டேஷன் வேகன்களும், பெர்த்திலிருந்து 4,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சிட்னி, கெய்ர்ன்ஸ் பக்கமெல்லாம் பேக்பேக்கர்கள் கையில் சுற்றுகின்றன. சான்றிதழ் செலவு இல்லாமல் ஒருவர் அடுத்தவருக்குத் தள்ளிவிடலாம். வாங்குகிறவருக்கும் சுலபம். ஆனால் யோசித்துப் பாருங்கள்: அந்த வண்டியின் பிரேக்கை, அடித்தட்டின் துருவை, ஒரு மெக்கானிக் கடைசியாக எப்போது பார்த்தார் என்று யாருக்கும் தெரியாது. நீங்கள் தங்கும் மாநிலத்தின் பெயருக்கு அதை மாற்ற வேண்டி வந்தால், அந்த மாநிலத்துச் சோதனையில் தேற வேண்டும். அங்கேதான் ஐந்தாறு பேர் கைமாறி வந்த ரிப்பேர் எல்லாம் உங்கள் பெயரில் பில்லாக வரும். சுலபமான காரின் விலை குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ரெகோ முடிந்த காரை “பக்கத்து ஊர் வரைக்கும்தானே” என்று எடுக்கவே கூடாது. ரெகோ போனால் சி.டி.பி.யும் போச்சு. ஆளை இடித்தால் காப்பாற்ற யாரும் இல்லை. நம்பர் பிளேட்டைப் போட்டால் ரெகோ நிலவரம் சொல்லும் இலவச வசதி எல்லா மாநிலத் தளங்களிலும் இருக்கிறது.

ஆர்.சி. புக்கில் இல்லாத கடன்

இங்கே பழைய கார் வாங்கும்போது நாம் முதலில் பார்ப்பது ஆர்.சி. மேலே ஹைப்பாதிகேஷன் இருந்தால் பேங்க் பெயர் அதிலேயே இருக்கும், என்.ஓ.சி. கேட்போம். ஆஸ்திரேலியாவில் பதிவுக் காகிதம் என்பது பதிவுக் காகிதம் மட்டும்தான். அது உரிமைக்கான சான்று இல்லை. கடன் விவரம் அதில் வராது. விற்றவர் கடனைக் கட்டாமல் ஊருக்குப் போய்விட்டால், கடன் கொடுத்த நிறுவனம் உங்கள் கையில் இருக்கும் காரை எடுத்துப் போக முடியும்.

இதற்கு மருந்து 2 டாலர். பி.பி.எஸ்.ஆர். என்ற மத்திய அரசின் பதிவேட்டுத் தளத்தில் காரின் 17 எழுத்து அடையாள எண்ணைப் போட்டுத் தேடினால் மூன்று விஷயம் தெரியும்: கடன் இருக்கிறதா, திருட்டு வண்டியா, விபத்தில் ‘ரைட் ஆஃப்’ ஆனதா. கடன் இல்லை என்று சான்றிதழ் வந்தால், அதே நாளோ மறுநாளோ வாங்கிவிட வேண்டும். அந்தப் பாதுகாப்பு அதுவரைக்கும்தான். போன வாரம் விற்பவர் எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டாம். அடையாள எண்ணையும் அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் போடாமல், காரிலேயே பார்த்துப் போடுங்கள். இதே பெயர் சாயலில் கூடுதல் காசு பிடுங்கும் தனியார் தளங்கள் உண்டு. அரசுத் தளத்தில் 2 டாலர்தான்.

விற்பவர் தமிழர் என்றால் இதையெல்லாம் விட்டுவிடலாம் என்ற நினைப்பு நமக்கு வரும். சிட்னியில் வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. “நம்ம பையன்தான், நல்ல கார்” என்று யாராவது கைகாட்டுவார்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம். அவருக்கு அந்தக் காரை விற்றவரைப் பற்றி அவருக்கே தெரியாது இல்லையா? 2 டாலர் போட்டுப் பார்ப்பதில் யாருக்கும் மரியாதைக் குறைவு இல்லை.

மெக்கானிக் சோதனைக்கு என்.ஆர்.எம்.ஏ., ஆர்.ஏ.சி.வி., ஆர்.ஏ.சி.க்யூ. போன்ற மாநில மோட்டார் சங்கங்களிடம் கேட்கலாம். சில நூறு டாலர் ஆகும். வழியில் வண்டி நின்றால் வந்து உதவும் உறுப்பினர் திட்டமும் இவர்களிடமே இருக்கிறது. அடுத்த பெட்ரோல் பங்க் 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நாட்டில் அது வீண் செலவு இல்லை. எந்த கார் என்று கேட்டால், பழைய கொரோலா, கேம்ரி மாதிரி எந்தச் சின்ன ஊர் மெக்கானிக்கும் பிரித்து மாட்டுகிற வண்டி. படுக்கை போட்ட கேம்பர் வேன் இன்ஸ்டாகிராமில் அழகாக இருக்கும். இரவில் கண்ட இடத்தில் நிறுத்தித் தூங்கினால் பல நகராட்சிகளில் அபராதம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விசாவுக்குக் கையிருப்பாகப் பொதுவாகக் காட்டச் சொல்வது 5,000 டாலர். பேக்பேக்கர் சந்தையில் ஓடுகிற நிலையில் ஒரு கார் 3,000 முதல் 6,000 டாலருக்குள் கிடைக்கும். 4,000-க்கு வாங்கினால், வாங்குகிறவர் கட்ட வேண்டிய முத்திரை வரி நியூ சவுத் வேல்ஸில் 3 சதவீதம், 120 டாலர், விக்டோரியாவில் 4.2 சதவீதம், 168 டாலர். பெயர் மாற்றக் கட்டணம், சோதனை, சொத்துக் காப்பீடு எல்லாம் சேர்த்தால் 5,000 தாண்டும். ஒரு டாலர் 60 ரூபாய் என்று வைத்தால் 3 லட்சம் ரூபாய். அதாவது பேங்க்கில் காட்டிய பணம் முழுக்க காருக்கே போனது. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் கையில் எதுவும் இல்லை. தனியாக வாங்க முடியாதவர்கள் இருவர், மூவராகச் சேர்ந்து வாங்குகிறார்கள். அப்படி வாங்கினால் யார் பெயரில், யார் விலகினால் யார் எவ்வளவு தர வேண்டும் என்பதை முதல் நாளே ஒரு தாளில் எழுதிக்கொள்வது நட்புக்கு நல்லது.

ரோட்டில் என்ன வித்தியாசம்?

விதிகள் பெரும்பாலும் நமக்குத் தெரிந்தவைதான். அங்கே அவற்றைப் பின்பற்றுகிறார்கள் என்பதுதான் வித்தியாசம். ஓட்டும்போது போனைக் கையில் எடுத்தால் கேமரா பிடிக்கும். நியூ சவுத் வேல்ஸில் 2020 மார்ச் முதல் இதற்கென்றே கேமராக்கள் அபராதம் போடுகின்றன. 2024 ஜூலை முதல் சீட் பெல்ட்டையும் அதே கேமரா பார்க்கிறது. குயின்ஸ்லாந்தில் போன் அபராதம் 1,200 டாலருக்கு மேல். ஒரு வார பண்ணைச் சம்பளம் அப்படியே போய்விடும். பின் சீட்டில் ஒருவர் பெல்ட் போடாவிட்டாலும் ஓட்டுநர் பொறுப்பு. அதனால் ஐந்து சீட் காரில் ஏழு பேரை அடைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போவது நடக்காது.

மது விஷயத்தில் எண்ணைப் பார்த்தால் நம்மைவிடத் தாராளம் போலத் தெரியும்: இங்கே 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், அங்கே 50. ஆனால் எந்தக் காரணமும் இல்லாமல் எந்த ரோட்டிலும் நிறுத்தி ஊதச் சொல்வார்கள். உள்ளூர் லைசென்ஸுக்கு மாறும்போது உங்களுக்கு ‘பி பிளேட்’ கிடைத்தால், அளவு பூஜ்யம்.

மெல்பர்ன் நகர மையத்தில் டிராம் ஓடும் சில சந்திப்புகளில் வலதுபுறம் திரும்ப, இடதுபக்க ஓரத்தில் போய்க் காத்திருக்க வேண்டும். முதல் தடவை பார்த்தால் விளையாட்டு என்று நினைப்போம். பலகை வைத்திருக்கிறார்கள், அதுதான் விதி. வடக்கே போனால் 53 மீட்டர் நீளத்துக்கு லாரித் தொடர்கள் வரும். ஓவர்டேக் செய்ய நினைக்கும் முன் நீளத்தை யோசியுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது கங்காரு. அது அதிகம் ரோட்டுக்கு வருவது விடியற்காலையும் அந்தி நேரமும். பண்ணை வேலைக்குப் போகிறவர் கிளம்புவதும் திரும்புவதும் அதே நேரம். அதுவும் பத்து மணி நேரம் குனிந்து பறித்த களைப்போடு. குறுக்கே வந்தால் பிரேக் பிடிக்க வேண்டும், ஸ்டீயரிங்கை ஒடிக்கக் கூடாது. நம்மூர் ரோட்டில் மாட்டைக் கண்டு வளைத்துப் பழகிய கை, 100 கிலோமீட்டர் வேகத்தில் அதையே செய்தால் கார் உருண்டுவிடும். முடிந்தவரை வெளிச்சம் வந்த பிறகு ஓட்டுவது போல வீட்டைத் தேடுங்கள். தோட்டத்துக்குப் பக்கத்தில் வாடகை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை.

கிளம்பும்போது

வாங்கியதும் 14 நாளுக்குள் பெயர் மாற்றம் செய்ய வேண்டும் என்பது பெரும்பாலான மாநிலங்களில் விதி, தாமதமானால் அபராதம். விற்கும்போது உங்கள் வேலை ‘நோட்டீஸ் ஆஃப் டிஸ்போசல்’, அதாவது கார் என் கையை விட்டுப் போய்விட்டது என்று போக்குவரத்துத் துறைக்குச் சொல்வது. ஆன்லைனில் சில நிமிட வேலை. செய்யாவிட்டால் வாங்கியவர் ஓட்டும் வேகத்துக்கான அபராதமும், அவர் போகும் சுங்கச் சாலைக் கட்டணமும் உங்கள் பெயருக்கே வரும். அங்கே சுங்கச் சாவடியில் நிறுத்திக் காசு வாங்கும் வழக்கம் இல்லை. கேமரா நம்பர் பிளேட்டைப் படித்து பில் அனுப்பும்; கட்டாமல் விட்டால் தொகை ஏறிக்கொண்டே போகும்.

விமானத்துக்கு இரண்டு நாள் முன் விளம்பரம் போடுகிறவரிடம் பேரம் பேச வருகிறவர்களுக்கு அந்தத் தேதி தெரிந்துவிடும். 4,000-க்கு வாங்கிய கார் 1,500-க்குப் போவது அப்படித்தான். மூன்று, நான்கு வாரம் முன்பே விளம்பரம் போடுங்கள். விற்கவே முடியாவிட்டால், பல மாநிலங்களில் நம்பர் பிளேட்டைத் திருப்பிக் கொடுத்து ரெகோவை ரத்து செய்தால் மீதி மாதங்களுக்கான பணத்தில் ஒரு பகுதி திரும்ப வரும்.

விற்ற அன்று வாங்கியவரின் லைசென்ஸைப் போட்டோ எடுத்து, இருவரும் கையெழுத்திட்ட ரசீது ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் தேதியோடு மணியையும் எழுதுங்கள். வேக கேமரா அனுப்பும் நோட்டீஸில் மணியும் இருக்கும்.